சிறுத்தைக்குப் பரிந்து பேசிய அக்கா

சிறுத்தையை 'அவரு' என்று மரியாதையாகச் சொன்ன ஒரே ஆளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்த அக்கா அவர். ஊராட்சித் தலைவரைக்கூட முதுகுக்குப் பின்னால் 'அந்தாளு' என்றுதான் சொல்வார். சிறுத்தை மட்டும் எப்போதும் 'அவரு'தான்.

கால்நடை ஆய்வாளர் என்பது அரசாங்கம் அவருக்குக் கொடுத்த பெயர். ஊருக்கு அவர் மாட்டாஸ்பத்திரி அக்கா. டாக்டர் கடத்தூரிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் ஊசி, மாத்திரை, கன்று இழுப்பது, திட்டுவது எல்லாம் அக்கா பொறுப்பு. நாற்பத்தைந்து வயதிருக்கும். பிரேக் பிடிக்கும்போது அழுகிற மாதிரி சத்தம் போடும் ஒரு ஸ்கூட்டி வைத்திருந்தார். அதன் சீட்டுக்கு அடியில் மருந்து டப்பாவோடு, தையல்காரர் கழுத்தில் போட்டிருக்கும் அளவு டேப் ஒன்றும் கிடக்கும். அந்த டேப்பை வைத்துக்கொண்டுதான் அவர் ஊரையே படாதபாடு படுத்தினார்.

பொம்மிடிக்கும் கடத்தூருக்கும் நடுவில், மலை அடிவாரத்து ஊர் அது. நான் அங்கே எட்டு வருடம் ஊராட்சிச் செயலராக இருந்தேன். என் மனைவியின் ஊரும் அதுதான். ஆடு செத்தால் முதலில் எனக்குப் போன் வரும், அடுத்து அக்காவுக்கு. "சிறுத்தை அடிச்சுப் போட்டுடுச்சுங்க" என்று அழுதுகொண்டேதான் போன் செய்வார்கள். நான் போய்ப் பார்த்து, உச்சுக் கொட்டி, ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பேன். அக்கா வருவார். யாரிடமும் பேசமாட்டார். குந்தி உட்கார்ந்து, செத்த ஆட்டின் கழுத்து மயிரை விலக்கி, டேப்பைப் பிரித்துப் பல்தடத்தை அளப்பார்.

ஒருமுறை தெற்குத் தெருப் பெரியவர் ஒருவரின் கிடா செத்துக் கிடந்தது. கூடியிருந்த அத்தனை பேரும் சிறுத்தை என்றுதான் சொன்னார்கள். இரண்டு பேர் கண்ணால் பார்த்ததாகவே சொன்னார்கள். அக்கா அளந்து முடித்து எழுந்தார்.

"கழுத்துல கடியே இல்ல. தொடையும் வயிறும்தான் பிஞ்சிருக்குது. பல்லுத் தடமும் சின்னது. அவரு வரல. நாயிங்க வேலை இது."

பெரியவர் கெஞ்சினார். "ஏம்மா, சிறுத்தைன்னு எழுதினா வனத்துறையில எதாச்சும் நிவாரணம் குடுப்பாங்க. நாயின்னு எழுதினா எவன் குடுப்பான்? சிறுத்தை என்னா, வந்து உங்கிட்ட சண்டையா போடப் போவுது?"

"சண்டைக்கு வராதுன்னுதானே ஆளாளுக்கு அது தலையில கட்டறீங்க" என்றார் அக்கா. நாய் என்றே எழுதினார். பெரியவர் ஒரு மாதம் அவரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அடுத்த மாதம் நிஜமாகவே சிறுத்தை அவருடைய கன்றுக்குட்டியை அடித்தது. அக்கா அதையும் அளந்தார், "அவருதான்" என்றார். நிவாரணத்துக்காக ரேஞ்ச் ஆபீசுக்கு மூன்று தடவை பெரியவரோடு தானும் அலைந்து வாங்கிக் கொடுத்தார். பெரியவர் நன்றியோடு ஒரு பை நிறையப் பச்சைக் கடலை கொண்டுவந்தார். அக்கா வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். பையோடு வாங்கி உள்ளே வைத்துவிட்டார். நேர்மை வேறு, கடலை வேறு என்பது அவர் கொள்கை போலும்.

காட்டு விலங்குக்குப் பரிந்து பேசுகிறவர் என்றால் கறி சாப்பிடமாட்டார் என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கறிக்கடையில் முதல் ஆள் அக்காதான். நெஞ்செலும்பு போடச் சொல்லி, தராசைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒருநாள் நான் சீண்டினேன்.

"ஆட்டைத் தின்னா சிறுத்தைக்கு நீங்க வக்காலத்து வாங்கறீங்க. நீங்க தின்னா உங்களுக்கு யாரு வக்காலத்து வாங்குவாங்கக்கா?"

"கொல்றது தப்புன்னு நான் எப்ப சொன்னேன் தம்பி? இந்தக் கடைக்காரரு ஒரே வெட்டுல முடிக்கிறாரு. அங்க கம்பியில மாட்டினது மூணு நாளு கெடக்குது. தன் காலைத் தானே கடிச்சுக்கிட்டு சாவுது. ரெண்டும் ஒண்ணா?" என்றவர், கடைக்காரர் பக்கம் திரும்பி, "அந்தக் கொழுப்பை எடுத்துட்டுப் போடுங்க" என்றார்.

கம்பி என்று அவர் சொன்னது சுருக்குக் கம்பியை. பழைய பைக்கின் கிளட்ச் ஒயரை உருவி, வளையமாக முடிந்து, வேலிச் சந்தில் கட்டி வைப்பார்கள். காட்டுப்பன்றிக்கு என்று சொல்லித்தான் கட்டுவார்கள். மாட்டுவது எதுவாக இருந்தாலும் மாட்டும். அப்படி ஒருநாள் குழிக்காட்டு வேலியில் ஒரு நரி இடுப்பில் கம்பி இறுகிக் கிடந்தது. நாங்கள் பத்துப் பேர் தூரத்தில் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். அக்கா ஒரு சாக்கை நரியின் தலையில் போட்டு, முழங்காலால் அமுக்கி, கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டினார். விடுபட்ட நரி நன்றிக்கடனாக அவர் கட்டைவிரலைக் கடித்துவிட்டு ஓடியது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஊர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறது. நாய்க்கடி ஊசி போட அவரைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். ஆயிரம் மாட்டுக்கு ஊசி போட்ட கை. நர்ஸ் சிரிஞ்சை எடுத்ததும், "இருங்க சிஸ்டர், இருங்க, ஒரு நிமிசம்" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பட்டன் இரண்டு தெறித்துவிட்டது. வெளியே வந்ததும், "ஊர்ல சொல்லாதீங்க தம்பி" என்றார். நான் பொம்மிடி பஸ் ஏறும் முன்பே மூன்று பேருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

நரி சம்பவத்துக்குப் பிறகுதான் அவருக்குக் கிராம சபைப் பைத்தியம் பிடித்தது. வருடத்தில் நான்கைந்து தடவை கிராம சபை கூடும். அக்கா எங்கள் ஊரிலேயே வாடகை வீட்டில் இருந்தார், ஓட்டும் இங்கேதான். ஒவ்வொரு கூட்டத்திலும் குடிதண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் முடிந்து ஆட்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழும் நேரத்தில் அக்கா கை தூக்குவார். கையில் லேமினேஷன் செய்த தாள் ஒன்று இருக்கும். எந்தக் கூட்டத்திலும் அதே தாள்தான்.

"சுருக்குக் கம்பி, மருந்து வெச்ச கறி, அவுட்டுக்காய், இது மூணுலயும் காட்டு மிருகத்தைச் சித்ரவதை பண்ணிக் கொல்றதைத் தடுக்கிற சட்டத்தை இந்த ஊராட்சி ஆதரிக்குதுன்னு தீர்மானம் போடணும். மாநில அரசு அதை இன்னும் கடுமையாக்கணும்னும் கேக்கணும்."

அவுட்டுக்காய் என்பது பழத்துக்குள்ளோ கறிக்குள்ளோ வைக்கிற நாட்டு வெடி. கடித்தால் வாயே போய்விடும்.

தலைவர் கொட்டாவி விடுவார். "அதான் சட்டம் இருக்குதுல்லம்மா. அப்புறம் எதுக்குத் தீர்மானம்?"

"சட்டம் சென்னையில இருக்குதுங்க. கம்பி இங்க இருக்குது."

எல்லோரும் சிரிப்பார்கள். யாராவது ஒருவர், "சிறுத்தைக்கு ரேசன் கார்டு போட்டுக் குடுக்கலாமுங்களா?" என்பார். மறுபடி சிரிப்பு. தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "எழுதிக்கப்பா" என்பார். நான் தீர்மானப் புத்தகத்தில் 'பொது விவாதம் நடைபெற்றது' என்று எழுதி மூடிவிடுவேன். மறுநாள் அக்கா ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி, இறங்காமலே கேட்பார்.

"எழுதிட்டீங்களா தம்பி?"

"எழுதிட்டேங்க்கா."

சந்தோஷமாகப் போய்விடுவார். செத்த ஆட்டைக்கூட டேப் போடாமல் நம்பாதவர், புத்தகத்தைக் காட்டு என்று என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இன்று அந்தத் தீர்மானம் புத்தகத்தில் இருக்கிறது, அதுவும் என் கையெழுத்தில்தான். அது எப்படி ஏறியது என்பதைச் சொல்ல வேண்டுமானால் என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மச்சான் என் மனைவியின் தம்பி. முப்பது ஆடு வைத்திருந்தான். ஆடு தவிர வேறு பிழைப்புக் கிடையாது. அந்த வருடம் ஒரே மாதத்தில் அவனுடைய பட்டியிலிருந்து சிறுத்தை மூன்று ஆடுகளைத் தூக்கிவிட்டது. நான்காவதாக ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், இரண்டு குட்டி சுமந்த சினை ஆடு போனது. சனிக்கிழமை காலையில் அது ஓடைக்கரைப் புதரில் பாதி தின்னப்பட்டுக் கிடந்தது. அக்கா வந்தார், அளந்தார்.

"அவருதான்" என்றார், குரல் இறங்கி.

"இப்ப சந்தோசமாக்கா உங்களுக்கு?" என்று மச்சான் கத்தினான். கத்தியவன் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டான். அக்கா அவன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து நிவாரண மனுவை எழுத ஆரம்பித்தார். கூண்டு வைக்கச் சொல்லி வனத்துறைக்குப் போனும் போட்டார்.

"ஆட்டை எடுத்துறாதீங்க. மிச்சத்தைத் தின்ன அவரு இங்கதான் வருவாரு. இது இல்லைன்னா நேரா உங்க பட்டிக்குத்தான் வருவாரு. வனத்துறை கார்டு வர்ற வரைக்கும் கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சான் அந்த யோசனையை வேறு விதமாக எடுத்துக்கொண்டான். அன்று சாயங்காலம் டீக்கடையில் என்னை ஓரமாக இழுத்துப் போனான்.

"மருந்து தடவி வெச்சுட்டேன் மாமா. வயலுக்கு அடிக்கிறது. இன்னிக்கோ நாளைக்கோ வந்து தின்னான்னா முடிஞ்சான். நீ கவர்மெண்டு ஆளு, உனக்குத் தெரியாதுன்னு வெச்சுக்க."

தெரியாதென்றே வைத்துக்கொண்டேன். எனக்கு அது கஷ்டமாகவும் இல்லை. நாலு ஆடு போனவன், பாவம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

நாங்கள் இருவரும் மறந்துபோனது ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் சிறுத்தை அடித்த ஆட்டுக்குத் தனி மவுசு. சீக்கு வந்து செத்த ஆடில்லை, துள்ளிக்கொண்டிருந்த ஆடு, நம்பித் தின்னலாம் என்பார்கள். சிறுத்தை விட்ட மிச்சத்தை யாராவது சத்தமில்லாமல் அறுத்து, தேக்கிலையில் கூறு போட்டு, கடை விலையில் பாதிக்குக் கொடுத்துவிடுவார்கள். யாருடைய ஆடு, எங்கே கிடந்தது என்று வாங்குகிறவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்டால் அடுத்த தடவை கூறு வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். சொத்து வரி ரசீதுகள் பாக்கி இருந்ததால் நான் ஆபீசைத் திறந்து வைத்திருந்தேன். அக்காவின் ஸ்கூட்டி அழுதுகொண்டே வந்து நின்றது. கையில் செத்த காக்கை ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"தம்பி, ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லணும், மைக்கு வேணும். ஓடையில ஆட்டைக் காணோம். அறுத்த ரத்தமும் செருப்புத் தடமும்தான் கெடக்குது. வீசிட்டுப் போன கொடலைத் தின்னு நாலு காக்கா செத்துக் கெடக்குது. எவனோ அதுல மருந்து வெச்சிருக்கான். அது தெரியாம எவனோ கூறு போட்டு வித்துட்டான். யாரு வூட்லயோ வெந்துக்கிட்டிருக்குது தம்பி!"

மச்சான் வைத்த மருந்துதான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அப்போதும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "காக்கா வேற எதைத் தின்னு செத்துச்சோ. மருந்துன்னு அளந்து பாத்தீங்களாக்கா?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "வெளையாடற நேரமா இது? மைக்கு ரூமு சாவி எங்க?"

"வூட்ல இருக்குதுக்கா. எடுத்துட்டு வந்துடறேன்."

சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"சீக்கிரம் வாங்க. நான் வூடு வூடாப் போய்ப் பாக்கறேன்" என்று அக்கா தெருவில் இறங்கினார். வேறு கிழமையாக இருந்தால் வாசனையை வைத்தே கண்டுபிடித்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கறிக்குழம்பு வாசனை வராத வீடு கிடையாது. அவர் கூப்பிடாமல் கொள்ளாமல் சமையற்கட்டுக்குள் நுழைந்து, சட்டியைத் திறந்து, "எங்க வாங்கினீங்க? கடையா, கூறா?" என்று கேட்பது தெருமுனை வரைக்கும் கேட்டது. சில வீடுகளில் திட்டினார்கள். ஒரு வீட்டில், பங்கு கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார்களாம்.

நான் எங்கள் வீட்டுப் பின்பக்கம் போய் மச்சானுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "மைக்குல சொன்னீன்னா யாரு வெச்சதுன்னு தோண்டுவாங்க மாமா. நான் உள்ள போயிருவேன். ரெண்டு நிமிசம் யோசிக்க உடு" என்றான்.

கொடுத்தேன். அந்த இரண்டு நிமிடத்தில் நான் நினைத்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மருந்து வாடை அடிக்கும், வாங்கினவர்கள் இந்நேரம் கொட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். அக்காவே எப்படியும் கண்டுபிடித்துவிடுவார், நான் எதற்கு நடுவில் என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்கலாம் என்று சமையற்கட்டுக்குள் போனேன்.

அடுப்படியில் தேக்கிலை விரிந்து கிடந்தது. என் மனைவி உப்புப் பார்க்க, கரண்டியிலிருந்து குழம்பை உள்ளங்கையில் விட்டு, சூடு ஆற ஊதிக்கொண்டிருந்தாள்.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. அவள் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் கரண்டி பறந்து சுவரில் அடித்தது. "பைத்தியமா புடிச்சிருக்குது?" என்று கத்தினாள். "எப்ப வாங்கின? வாயில வெச்சியா? வெச்சியா?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். வைக்கவில்லை. அதற்கப்புறமும் அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன்.

மைக் ரூமுக்கு ஓடினேன். "தேக்கிலையில வந்த கூறுக் கறியை யாரும் வாயில வெக்காதீங்க, மருந்து வெச்ச கறி" என்று மூன்று தடவை கத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாசலில் நின்ற நாலைந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "அந்தம்மா சொல்லச் சொல்லுச்சா சார்? யாரு பாத்தா மருந்து வெச்சதை?" என்றார் ஒருவர். ஞாயிற்றுக்கிழமைக் கறியை வெறும் பேச்சை நம்பிக் கொட்டுகிற ஊர் அல்ல எங்கள் ஊர்.

மறுபடி மைக்கைப் பிடித்தேன். "வெச்சது என் மச்சான். ஓடையில கெடந்த ஆட்டுல வெச்சான். என்கிட்ட நேத்தே சொன்னான். எனக்கு நேத்தே தெரியும்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குழம்பு சாக்கடைக்கு வந்தது. கடையில் வாங்கின கறியையும் சேர்த்துத்தான் கொட்டினார்கள். கூறு போட்டவரும் அவர் மனைவியும் மட்டும் காலையிலேயே ஈரலை வறுத்துத் தின்றிருந்தார்கள். வாந்தி எடுத்து மயங்கியவர்களை நூற்றியெட்டு ஆம்புலன்சில் ஏற்றினோம். தருமபுரியில் நாலு நாள் கிடந்து பிழைத்து வந்தார்கள். மச்சான்மேல் கேஸ் ஆனது. அடுத்த கிராம சபையில் அக்கா கை தூக்குவதற்கு முன்பே தலைவர் அந்தத் தாளை வாங்கி அவரே வாசித்தார். நானும் ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். சிறுத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் கழித்து ஓடை மணலில் அதன் காலடித் தடத்தைப் போட்டோ எடுத்து, பேரப்பிள்ளை போட்டோ காட்டுகிற மாதிரி அக்கா எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் என் மனதில் நிற்பது அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான். ஆபீசில் வனத்துறை கார்டு மச்சானிடம் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார். அக்கா குறுக்கே புகுந்தார்.

"இவரு மருந்து வெச்சது தப்பு. அதை எழுதுங்க. இவரு ஆடு நாலு போனதும், கூண்டு கேட்டு நான் போன் பண்ணினதும், யாரும் வராததும் நெசம். அதையும் எழுதுங்க."

கார்டு முறைத்தார். எழுதினார். மச்சான் அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்கா வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். திட்டட்டும் என்றுதான் போனேன்.

"பதினோரு வூட்டுச் சட்டியைத் தொறந்து பாத்தேன் தம்பி. உங்க வூட்டுக்கு மட்டும் போவல."

"ஏங்க்கா?"

"உங்ககிட்டதானே மொதல்ல வந்து சொன்னேன். உங்க வூட்டை நீங்க பாத்திருப்பீங்கன்னு தாண்டிப் போயிட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். பிறகு பையிலிருந்து மச்சானின் நிவாரண மனுவை எடுத்து, சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டும் என்று பேனாவை நீட்டினார். ஸ்கூட்டி சீட்டின்மேல் வைத்துப் போட்டேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை அது. அக்கா அதை ஒரு தடவை பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.